முள் சொன்ன பொய்

கோயமுத்தூரில் எனக்கு ஒரு வக்கீல் நண்பர் இருந்தார். மகா நாணயஸ்தர். கட்சிக்காரரிடம் பேசிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கமாட்டார். ஐந்து மணிக்கு வருகிறேன் என்றால் ஐந்து மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். உலகத்தில் எல்லோரையும் நம்பிவிடுகிற அந்த நல்ல மனிதர் ஒரே ஒரு ஆசாமியை மட்டும் நம்பாமலே இருந்தார். அவருடைய அம்பாஸிடர் வண்டியில் பெட்ரோல் அளவு காட்டுகிற முள்தான் அது.

"அது பொய்ச் சாட்சி ஸார்" என்பார். "இல்லை இல்லை என்று சத்தியம் பண்ணும். உள்ளே போய்ப் பார்த்தால் இருக்கும்."

சும்மா சொல்லவில்லை, பரீட்சை செய்து பார்த்தே சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், டிக்கியில் ஒரு கேன் நிறையப் பெட்ரோலை வைத்துக்கொண்டு, முள் அடியில் போய்ப் படுத்த நிமிஷத்திலிருந்து கணக்கு வைத்து, வண்டி தானாக நிற்கிற வரைக்கும் ஓட்டியிருக்கிறார். 38 கிலோமீட்டர். அன்றிலிருந்து அவருக்குப் பூஜ்யம் என்றால் 38 என்று அர்த்தம். பத்து வருஷத்து வழக்கில் ஜெயித்தபோதுகூட அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் கண்டதில்லை.

முள் பூஜ்யத்தைத் தொட்ட பிறகு வண்டி எத்தனை தூரம் போகும் என்ற கேள்வி மோட்டார் வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒருநாள் வந்தே தீரும். பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல்தான் வரும். ஒரே விடை அதற்குக் கிடையாது. டாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அதற்கு ஒரு கம்பிக் கை. பெட்ரோல் இறங்க இறங்க மிதவையும் இறங்கும். கை ஒரு மின்தடையின் மேல் நகரும். அதற்கேற்ப மின்சாரம் கூடிக் குறைந்து முள்ளை நகர்த்தும். பழைய வண்டிகள் பலவற்றில் நடுவே இன்னொரு தரகர் உண்டு. இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை மெல்லச் சூடேறி, மெல்ல வளைந்துதான் முள்ளைத் தள்ளும். சாலைக் குலுக்கலுக்கெல்லாம் முள் துள்ளாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு. மேட்டில் ஏறினால் பெட்ரோல் ஒரு பக்கம் சாயும், பள்ளத்தில் இறங்கினால் மறுபக்கம் சாயும். முள்ளும் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளும். இத்தனை பேர் வாய் மாறி வருகிற செய்தி துல்லியமாக இருக்க முடியாதல்லவா? அதனால் வண்டி செய்கிறவர்கள் ஜாக்கிரதையாக, சில லிட்டர் மிச்சம் இருக்கும்போதே பூஜ்யத்தைக் காட்டும்படி வைத்துவிடுகிறார்கள். சிறிய வண்டியானால், சம தரையானால், நிதானமாக ஓட்டினால், 40 கிலோமீட்டரும் போகலாம், 60-ம் போகலாம். பாரம் ஏற்றினால், மலை ஏறினால், குளிர்சாதனத்தைப் போட்டால் அந்தக் கணக்கெல்லாம் கரைந்துவிடும். இந்தக் காலத்து வண்டிகளில் பெட்ரோலை இழுக்கும் பம்ப் டாங்கிக்குள்ளேயே பெட்ரோலில் முங்கி இருக்கிறது. அந்தப் பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி. அடிவரை வற்ற விட்டால் பம்ப் சூடாகிக் கெட்டுப்போகும் என்று மெக்கானிக்குகள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

முள் என்ற ஒன்றே இல்லாத காலமும் இருந்தது. 1908-இல் வெளிவந்த ஃபோர்டின் மாடல் டி வண்டியில், ஓட்டுகிறவரின் ஆசனத்துக்கு அடியிலே டாங்கி. இறங்கி, மெத்தையைத் தூக்கி, ஒரு மரக்குச்சியை உள்ளே விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிணற்றில் கயிறு விட்டுப் பார்ப்பது போலத்தான். குச்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஃபோல்க்ஸ்வாகனின் வண்டு வடிவக் காரில் 1960-ஐ ஒட்டிய வருஷங்கள் வரை முள் கிடையாது. வண்டி திக்கித் திணறும்போது காலாலே ஒரு திருகைத் திருப்ப வேண்டும், அடியில் கிடக்கிற மிச்சம் வந்து சேரும். நம் ஊர் ஸ்கூட்டர்களில் இருந்த ரிசர்வ் குழாயும் அந்த ஜாதிதான். அதில் ஒரு வேடிக்கை. ரிசர்வ் என்று தனியாக ஒரு டாங்கி இருப்பதாகவே நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். கிடையாது. அதே டாங்கி, அதே பெட்ரோல். உள்ளே இருக்கிற குழாயின் வாய் ஒன்று சற்று உயரத்தில் இருக்கும், இன்னொன்று அடியில் இருக்கும். அவ்வளவுதான். பெட்ரோல் போட்ட பிறகு குழாயைப் பழைய நிலைக்குத் திருப்பி வைக்க மறந்தோமோ, அடுத்த முறை ரிசர்வும் இல்லை, ஒன்றும் இல்லை. தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். நான் தள்ளியிருக்கிறேன்.

இந்தக் குச்சியும் குழாயும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. முள்தான் தொந்தரவு செய்தது. இருக்கும்போதே இல்லை என்று சொல்கிறதே, அது பொய்தானே? நம்முடைய நன்மைக்காகச் சொல்கிற பொய். தத்துவ ஆசிரியர்கள் இதே வழக்கை வேறு உடையில் நெடுங்காலமாக விசாரித்து வந்திருக்கிறார்கள். ஜெர்மானியரான இம்மானுவேல் கான்ட் 1797-இல் ஒரு கட்டுரை எழுதினார். கொலை செய்யத் துரத்தி வருகிறவன் வாசலில் நின்று, "உன் நண்பன் உள்ளே இருக்கிறானா?" என்று கேட்டாலும் பொய் சொல்ல உனக்கு உரிமை இல்லை என்று அதில் தீர்ப்புச் சொன்னார். நம்முடைய வள்ளுவரோ மனிதர்களோடு குடித்தனம் நடத்திப் பார்த்தவர். யாருக்கும் கெடுதல் இல்லாத நன்மை விளையுமானால் அந்தப் பொய்யை மெய்யின் பந்தியிலேயே உட்கார வைக்கலாம் என்று இடம் கொடுத்தார். கான்ட் மோட்டார் செய்தால் அதில் முள் கடைசிச் சொட்டு வரையில் உண்மை பேசும். அந்த வண்டிகளெல்லாம் ஆளரவமற்ற சாலைகளில் உண்மையோடு நின்றுகொண்டிருக்கும். வள்ளுவர் பக்கம் சாய்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் வள்ளுவரின் சலுகையிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. நன்மைக்காகச் சொன்ன பொய், பொய் என்று தெரிந்துவிட்ட பிறகு என்ன ஆகிறது? எங்கள் வீட்டுக் கூடத்துக் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால் ஓடும். நான் ரெயிலைத் தவறவிடக் கூடாது என்பதற்காக என் மனைவி செய்த ஏற்பாடு. முதல் வாரம் ஒழுங்காக ஸ்டேஷனுக்குப் போனேன். இரண்டாம் வாரத்திலிருந்து, "இன்னும் பத்து நிமிஷம் இருக்கே!" என்று இன்னொரு தம்ளர் காபிக்கு உட்கார்ந்துவிட்டேன். முன்பு கடிகாரம் சரியாக ஓடியபோது எனக்கு இருந்த பயம்கூட இப்போது இல்லை. வக்கீல் நண்பருக்கும் இதேதான் நடந்தது. 38 கிலோமீட்டர் இருக்கிறது என்று தெரியாத மனிதன் கால் டாங்கியிலேயே பங்கைத் தேடுவான். தெரிந்தவர் பூஜ்யத்தைத்தான் கால் டாங்கியாக நினைத்துக்கொள்கிறார்.

1986-ஆம் வருஷம் மே மாதம் அவர் எங்களை வால்பாறைக்கு அழைத்துப் போனார். அவர், அவருடைய மனைவி, நான், என் மனைவி, ஆறு வயசு மகள். இரண்டு நாள் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் தங்கினோம். திரும்புகிற அன்று சாயங்காலம் வால்பாறையில் பெட்ரோல் போட்டுக்கொள்வதாக ஏற்பாடு. போனால், ஸ்டாக் இல்லை என்று அட்டை தொங்கிற்று. முள் ஏற்கெனவே அடியைத் தொட்டிருந்தது. பொள்ளாச்சிக்கு 65 கிலோமீட்டர்.

"ராத்திரி இங்கேயே தங்கிவிடலாமே" என்றார் அவர் மனைவி.

"இறக்கம்தானே? பூமி இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும்" என்றார் நண்பர். மறுநாள் காலையில் அவருக்குக் கோர்ட்டில் ஒரு வழக்கு.

அந்த மலைப் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கும். இறங்குகிறவனுக்கு எண்ணிக்கை 40-லிருந்து குறைந்துகொண்டே வரும். முதல் சில வளைவுகள் சாதாரணமாக இறங்கினோம். பிறகு நண்பர் கியரை விடுவித்தார்; சாவியைத் திருப்பினார். இஞ்சின் நின்றது.

அந்த நிசப்தத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. சக்கரம் உருளுகிற சத்தமும், காற்றும், எங்கேயோ ஓடைத் தண்ணீரும். இஞ்சின் ஓடி, கியரும் விழுந்திருந்தால் அதுவே வண்டியைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். இப்போது மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில். ஒவ்வொரு வளைவிலும் அவர் காலை அழுத்த அழுத்த, கொஞ்ச நேரத்தில் காய்ந்த லைனிங்கின் வாடை உள்ளே வர ஆரம்பித்தது. ஒரு வளைவில் இரண்டு வரையாடுகள் பாறை விளிம்பில் நின்று எங்களை அசையாமல் பார்த்தன. என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகள் விழித்துக்கொண்டு, "ஏம்ப்பா வண்டி பேசவே மாட்டேங்குது?" என்று கேட்டாள். பின் ஆசனத்திலிருந்து என் மனைவியின் கை என் தோளின் மேல் வந்து விழுந்தது. அந்தக் கை என்ன சொல்லிற்று என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? வண்டி அவருடையது. பெட்ரோல் அவருடையது. இரண்டு நாளாக எங்களுக்குச் சோறு போட்டு, ஊர் காட்டி, உபசாரம் செய்திருக்கிறார். அப்படிப்பட்ட மனிதரிடம், அவருடைய மனைவிக்கு முன்னால், "இஞ்சினைப் போடுங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்ல நாக்கு எழவில்லை. மரியாதை என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனையில் ஆழியாறு அணைத் தண்ணீர் மங்கலாகத் தெரிந்தது. ஒன்றும் ஆகவில்லை. அடிவாரத்தில் இஞ்சினைப் போட்டார். பொள்ளாச்சியில் பங்குக்குள் நுழைகிற வரைக்கும் வண்டி ஓடிற்று. எத்தனை லிட்டர் ஏறிற்று என்று பார்த்து, கழித்துக் கணக்குப் போட்டு, "இன்னும் எட்டு கிலோமீட்டருக்கு இருந்திருக்கிறது, பார்த்தீர்களா!" என்றார். நானும் சிரித்தேன். அன்று இரவு வீட்டில் என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "நீங்க ஏன் வாயைத் திறக்கலே?"

ஒன்றும் ஆகவில்லையே என்று சொன்னேன். அது பதில் இல்லை என்று சொன்ன எனக்கே தெரிந்தது. ஒன்றும் ஆகாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம். நாங்கள் செய்த காரியம், எது நேர்ந்திருந்தாலும் அதே காரியம்தான். பெட்ரோல் அவருடைய சொத்து, சரி. ஆபத்துக்கென்று ஒதுக்கி வைத்த மிச்சம் அவர் ஒருவருடைய சொத்தா? அந்த வண்டியில் இருந்த ஐந்து பேருக்கும் அதில் பங்கு உண்டு. அதை அவர் எடுத்துச் செலவழித்தது போதாமல், அதை மிச்சம் பிடிப்பதற்காகப் பிரேக்கையும் பணயம் வைத்தார். அவர் எங்களைக் கேட்கவில்லை. அதைவிட, நாங்கள் சொல்லவில்லை.

நாலு வருஷம் கழித்து, 1990 ஜனவரி 25-ஆம் தேதி, நியூயார்க்கில் இறங்க வேண்டிய கொலம்பிய நாட்டு விமானம் ஒன்று லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற இடத்தில் விழுந்தது. அவியாங்கா 52. மோசமான பருவநிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானத்திலேயே வட்டமடிக்க வைத்திருந்தார்கள். ஒரு முறை இறங்க முயன்று முடியாமல் மேலே எழும்பினார்கள். எரிபொருள் தீர்ந்து இஞ்சின்கள் அடங்கிவிட்டன. 158 பேரில் 73 பேர் இறந்துபோனார்கள். விசாரணையில் தெரிந்த விஷயம் என்னை உலுக்கியது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அவர்கள் தரையிலிருந்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். முன்னுரிமை கேட்டிருக்கிறார்கள். ஆனால் 'அவசரநிலை' என்ற அந்த ஒரு வார்த்தையைத் தரையிலிருந்தவர்களிடம் யாரும் உச்சரிக்கவில்லை. தரையில் இருந்தவர்களுக்கு நூறு விமானங்களுக்கு நடுவே அது இன்னொரு விமானத்தின் குறை. பிற்பாடு, 2012-இல், சர்வதேச விதிகளில் தெளிவாக எழுதிவிட்டார்கள்: கட்டாயமாக மிச்சம் வைத்திருக்க வேண்டிய எரிபொருளில் கை வைக்காமல் தரை இறங்க முடியாது என்று தெரிந்த உடனே, விமானி இன்ன வார்த்தையைச் சொல்லியே ஆக வேண்டும். மிச்சத்தைத் தொடலாம். தொட்டால் கூச்சல் போட வேண்டும். என் மனைவி அன்று பொள்ளாச்சிச் சாலையில் என்னிடம் எதிர்பார்த்தது அந்தச் சட்டத்தைத்தான்.

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் முள்ளைப் பற்றி யோசிக்கிறபோதெல்லாம் என் நினைவு மோட்டாரில் நிற்பதில்லை. எங்கள் பழைய வீட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறது.

என் தாயாரும் பொய் சொல்கிறவள்தான். ஆனால் அவள் பொய் வேறு மாதிரி. மோட்டார் முள், இருக்கும்போது இல்லை என்கிறது. அவள் இல்லாதபோது நிறைய இருக்கிறது என்பாள். விளக்கு வைக்கிற வீட்டில் இல்லை என்ற சொல் வரக் கூடாது என்பது அவள் கட்சி. நம் பக்கத்துப் பெண்கள் எல்லோருடைய கட்சியும் அதுதான். மாதம் இருபத்தைந்து தேதி ஆனதும் திண்ணையில் இருக்கிற அப்பாவிடம் வந்து, "அரிசி நிறைய இருக்கு" என்பாள். அப்பா ஒரு நிமிஷம் சும்மா இருப்பார். பிறகு எழுந்து, ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, செட்டியார் கடைக்குக் கடன் சொல்லக் கிளம்புவார். அவள் சொன்னது பொய். அதை அவர் ஒருநாளும் பொய்யாகக் கேட்டதில்லை. பூஜ்யத்தை நிறைவு என்று அவள் சொல்ல, அதைப் பூஜ்யம் என்றே அவர் கேட்டு எழுந்துபோனார். அந்தப் பாஷையால் எங்கள் வீட்டில் ஒருநாளும் கெடுதல் விளைந்ததில்லை. கான்டுக்கு இது புரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

அவளிடம் இன்னொரு பொய்யும் இருந்தது. "எனக்குப் பசியில்லை." நாங்கள் ஐந்து குழந்தைகள். எல்லோருக்கும் போட்டு, அப்பாவுக்குப் போட்டு, கடைசியில் அவள் சாப்பிடுவாள். அப்போது எனக்குப் பத்து வயசு இருக்கும். ஒருநாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். அடுப்பங்கரையில் சிம்னி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா சோற்றுப் பானையில் தண்ணீரை விட்டு, உள்ளே ஒட்டியிருந்த பருக்கைகளைக் கையால் வழித்து, உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பானையைக் கீழே வைத்தாள்.

"வயிறு சரியில்லைடா. அதான் சும்மா நீராகாரம்" என்றாள்.

நான் நம்பினேன் என்று எழுத எனக்கு ஆசை. பத்து வயசுப் பையன், அறியாதவன் என்று நீங்களும் மன்னித்துவிடுவீர்கள். நம்பவில்லை. பானையை நான் பார்த்தேன். தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். மறுநாள் சாப்பிடும்போது வழக்கம்போல, "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றேன். அவளும் வழக்கம்போலப் போட்டாள்.

அப்பாவுக்கு அரிசிப் பாஷை தெரிந்திருந்தது. பசிப் பாஷை தெரியவில்லை. தெரிந்தும் சட்டையை மாட்டிக்கொண்டு போக அவருக்கு வேறு கடை இல்லையோ என்னவோ, நான் அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. 1968-இல் அம்மா போனாள். ஐம்பது வயசுகூட ஆகவில்லை. உடம்பில் ரத்தமே இல்லை, எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டபோது, நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நேற்றுவரை நன்றாக இருந்தாளே என்று என் தம்பி சொன்னான். அவனுக்கு அது உண்மை. நானும் தலையை ஆட்டினேன்.

தன் வறட்சியை மறைத்தவள் மீது தப்பு உண்டா என்று சிலர் கேட்கக் கூடும். உண்டு என்றே வைத்துக்கொள்வோம். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் ராட்சதர்கள் இல்லையே. ஆனால் சொல்லாத குற்றம் ஒரு தராசில் இருக்க, தெரிந்துகொண்டே இன்னும் கொஞ்சம் போடு என்று இலையை நீட்டிய கை எந்தத் தராசில் ஏறும்? வக்கீல் நண்பர் செய்தது அதுதான். முள்ளை நம்பாதது அவர் தவறில்லை. உள்ளே மிச்சம் எத்தனை என்று தெரிந்துகொண்டு, ஒவ்வொரு முறையும் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். நானும் அம்மாவை அப்படித்தான் ஓட்டினேன். அவரை நான் கோபித்துக்கொள்ள முடியாமல் போனதற்கு மரியாதை மட்டும் காரணம் இல்லையென்று இப்போது தோன்றுகிறது.

அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. அந்த அம்பாஸிடரும் எங்கே போயிற்றோ. என் மகளின் வண்டியில் இப்போது முள்ளோடுகூட எண்ணும் வருகிறது. இன்னும் இத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று வண்டியே கணக்குப் போட்டுக் காட்டுகிறது. ஐம்பது, நாற்பது என்று இறங்கிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் எண்ணை அழித்துவிட்டு வெறும் கோடுகளைக் காட்டுகிறது. பேச மறுத்துவிடுகிறது. "அதுக்கு மேலே சொல்லாதுப்பா" என்றாள் மகள். போன மாதம் அதைப் பார்த்ததும் முதல் பங்கிலேயே வண்டியைத் திருப்பினாள். அவளுக்கு வால்பாறை நினைவிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கிறபோதே உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வருகிறது. காபிப் பொடி நிறைய இருக்காம். சட்டையை எங்கே வைத்தேன் என்று தேட வேண்டும்; கடை எட்டரைக்கு மூடிவிடுவான். கூடத்துக் கடிகாரத்தில் இப்போதே எட்டு முப்பத்தைந்து.